பால்மரம் சிவக்கும் மாதம்: பீடோங்கில் ஓவியருக்கு ஓர் ஆண்டு

"நம்ம நாட்டுல பருவம் ஏது? வெயில் அடிக்கும், மழை பெய்யும், அவ்வளவுதான்." ஓவியம் பழக வருகிறவர்கள் பலரும் இதைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். நான் வாதாடுவதில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, பீடோங்கிலிருந்து செமிலிங் போகும் பக்கம் ஒரு கித்தாச் சிறுதோட்டத்தின் ஓரத்தில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன். மரங்கள் அப்போது இலை உதிர்க்கும். ஒரு நிரை மஞ்சள், அடுத்த நிரை ஆரஞ்சு, அதற்கும் அப்பால் துருவேறிய சிவப்பு. காலடியில் அப்பளம் நொறுங்குவதுபோல் சருகுச் சத்தம். கிளைகளுக்கு நடுவே, ஆண்டில் வேறெப்போதும் தெரியாத வானம். இரண்டு மூன்று வாரத்தில் அதே கிளைகளில் செம்பு நிறத் தளிர் தொங்கும். பிறகு இளம்பச்சையாகி, மெல்ல மெல்ல இருண்டு, காடு மறுபடி மூடிக்கொள்ளும்.

மரத்தில் பால் குறைகிற மாதங்களும் இவைதான். நமக்கு வண்ணம் கூடும் நாளில் வெட்டுக்காரர் வீட்டில் வருமானம் குறைகிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்தக் காட்டில் முக்காலியைப் போட்டு உட்கார வேண்டும்.

கெடா மாநிலத்தின் பீடோங் சுற்றுவட்டாரத்தில் நீர்வண்ணம் வரைகிற ஒருவர் தம் ஆண்டை எப்படி நடத்திக்கொள்ளலாம் என்பது இந்த அத்தியாயம். எங்கே நடப்பது, எதைக் கையால் செய்துகொள்வது, எந்தப் பண்டிகைக்கு எந்த நாளில் போய் நிற்பது என்று பார்ப்போம். நடந்து பார்த்த மண்ணிலிருந்து வண்ணம் வரும். வண்ணம் அரைத்துப் பழகிய கை இருந்தால் காவடி கட்டுகிறவர் பக்கத்தில் உட்கார இடம் கிடைக்கும்.

முதலில் ஒரு நாள்காட்டி

வண்ணப்பெட்டிக்கு முன்னால் நாள்காட்டி வாங்குங்கள். மளிகைக்கடையில் கிடைக்கும் தமிழ் நாள்காட்டியே போதும். தமிழ் மாதம், பௌர்ணமி, அமாவாசை, நோன்பு மாதம், சீனர்களின் பண்டிகைகள் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். அதன் கட்டங்களில் பென்சிலால் நீங்கள் எழுத வேண்டியவை வேறு: முதல் கித்தா இலை பழுத்த நாள், முதல் தளிர் கண்ட நாள், உச்சிவெயிலில் கித்தாக்கொட்டை வெடிக்கும் சத்தம் கேட்ட நாள், யான் வட்டாரத்து வயல்களில் தண்ணீர் ஏறிய நாள், கதிர் பழுத்த நாள், ஜெராய் மலை அடிவரை மேகத்தில் மறைந்த நாள். கொட்டை வெடிப்பது பெரும்பாலும் ஆகஸ்டு, செப்டம்பரில். சிறுவயதில் அந்தக் கொட்டையைக் கல்லில் தேய்த்துச் சூடு வைத்து விளையாடியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதன் ஓட்டிலுள்ள பழுப்புத் திட்டுகளை அச்சாக வரைந்து பாருங்கள், தூரிகை முனையைக் கட்டுப்படுத்த அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

கெடாவின் பொதுவான போக்கு இது: ஜனவரி, பிப்ரவரி வறட்சி. ஏப்ரல், மேயில் ஒரு சுற்று மழை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெருமழை. கிழக்குக் கரையில் கிளந்தானும் திரங்கானுவும் வெள்ளத்துக்கு அஞ்சும் டிசம்பரில் இங்கே மேகம் விலகத் தொடங்கிவிடும். வெளியில் உட்கார்ந்து வரைய டிசம்பர் பிற்பாதி முதல் மார்ச் வரை பொற்காலம். கைவேலைக்கும் மண் காயவைப்பதற்கும் அதே வெயில்தான் வேண்டும் என்பதால், அந்த மாதங்களில் தூங்க நேரம் குறைவு.

ஒரு எச்சரிக்கை. செம்பனை இலை உதிர்க்காது. இந்த வட்டாரத்தில் பழைய கித்தாக்காடுகள் பல செம்பனையாகிவிட்டன. நாற்பது வருஷத்துக்கு முன் பார்த்த சிவப்பைத் தேடி அதே தோட்டத்துக்குப் போனால் ஏமாற்றம்தான். மெர்போக், துப்பா, ஜெராய் அடிவாரப் பக்கம் மலாய்க்காரர்களின் சிறுதோட்டங்களில் இன்னும் கித்தா நிற்கிறது. அங்கே போங்கள்.

கடிகாரமும் சூரியனும்

நம் கடிகாரம் சூரியனை முந்தி ஓடுகிறது. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பம் சபா, சரவாக்கின் நேரத்துக்கு மாறி, முள் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டது. அதனால் பீடோங்கில் சூரியன் எழுவதே ஏழு மணிக்கு மேல்தான். மாதத்துக்கேற்ப ஏழிலிருந்து ஏழரைக்குள். உச்சிவேளை பன்னிரண்டு மணிக்கு வராது, ஏறக்குறைய ஒன்றே காலுக்கு வரும். வெளிநாட்டுக் கையேடுகளில் "காலை ஆறு முதல் எட்டு வரை வரையுங்கள்" என்று இருந்தால் அதை நம்பி இருட்டில் போய் உட்காராதீர்கள். நமக்கு ஏழே முக்கால் முதல் ஒன்பதே முக்கால் வரை. மாலையில் ஐந்தே முக்காலுக்கு மேல்.

இன்னொன்று, நம்மைப்போல் வெப்பமண்டலத்தில் வாழ்கிறவர்களுக்கு மட்டுமே கிடைப்பது. ஏப்ரல் 4ஐ ஒட்டிய நாள்களிலும் செப்டம்பர் 8ஐ ஒட்டிய நாள்களிலும் உச்சிவேளையில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். கொடிக்கம்பத்துக்கு நிழல் இருக்காது. வீட்டுக் கூரையின் நிழல் சுவரில் விழாமல் நேராகத் தரையில் ஒரு கோடாக விழும். மரங்களின் கீழே வட்டமாக ஒரு கறுப்பு. அந்த ஒரு மணி நேரம் பீடோங் கடைத்தெருவை அஞ்சடி நடைபாதையிலிருந்து வரைந்து பாருங்கள். நிழலை நம்பி உருவத்தைக் காட்டுகிற பழக்கம் அன்றைக்கு உதவாது. நிறத்தின் வேறுபாட்டை வைத்தே சுவரையும் தூணையும் பிரிக்க வேண்டியிருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை அந்தப் பரீட்சையை நான் எழுதுகிறேன்.

நடை

சமதளத்தில் தொடங்குங்கள். பீடோங்கைச் சுற்றியுள்ள தோட்டப் பாதைகளில் ஐந்தாறு கிலோமீட்டர், வாரத்தில் மூன்று நாள். தோட்டம் தனியார் நிலம். காவல்காரரிடமோ மண்டோரிடமோ சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மருந்து அடிக்கிற நாளா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குலை வெட்டுகிற செம்பனையின் கீழ் நிற்கவே கூடாது. கணுக்காலை மூடும் காலணி கட்டாயம், எலியைத் தேடிப் பாம்பு வரும் இடம் அது.

ஹார்வர்ட் தோட்டப் பக்கம் போகிறபோது நான் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நடப்பேன். 1946, 47 காலத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தோட்டத் தொழிலாளிகள் தொண்டர் படை என்று திரண்டு, கள்ளுக்கடை வேண்டாம் என்று நின்ற இடம் அது. 1947இல் பீடோங்கில் அது போலீசோடு மோதலாக முற்றியது. வரைகிறவருக்கு இந்தச் செய்தி எதற்கு என்று கேட்கலாம். அந்தப் பாதையின் வளைவை வெறும் வளைவாக என்னால் வரைய முடிவதில்லை, அதற்காகத்தான். காட்சியை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவரின் படத்திலும், அந்த இடத்தில் என்ன நடந்தது என்று அறிந்தவரின் படத்திலும் கோடு வேறு கனத்தில் விழுகிறது.

அடுத்த நடை மெர்போக். லெம்பா பூஜாங் தொல்பொருள் அருங்காட்சியகம் புக்கிட் பத்து பஹாட் அடிவாரத்தில், ஓடும் தண்ணீர்ச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வளாகத்தில் சற்று மேலே ஏறினால் புக்கிட் பத்து பஹாட் சண்டி, அதாவது பழங்காலக் கோவிலின் மிச்சம். 1930களில் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் தோண்டிப் பார்த்ததை, 1959, 60இல் அலஸ்டேர் லேம்ப் தலைமையில் திரும்ப எடுத்துக் கட்டினார்கள். கருவறையின் அடித்தளம், முன்னால் மண்டபத்தின் தூண் தாங்கிய கற்கள். மேற்கூரை இல்லை. முதல் முறை போகிறவர்கள் கல் கல்லாக எண்ணி வரைந்து சோர்ந்துபோவார்கள். முதலில் மொத்த வடிவத்தையும் ஒரே சாம்பல் பூச்சாகப் போடுங்கள். பிறகு ஈரக்கல், காய்ந்த கல், பாசிக்கல் என்று மூன்றே நிறமாகப் பிரியுங்கள். எண்ணிக்கை தானாக வந்து சேரும். பெண்டியாட் முதலிய வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய சண்டிகளும் அதே வளாகத்தில் உண்டு. அவற்றின் செங்கலையும் செம்பாறையையும் கருங்கல்லோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பட்டினப்பாலை காழகத்துப் பொருள்களைச் சொல்கிறது. 1025இல் இராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தின், அதாவது இந்தக் கெடாவின், மேல் வந்தது. இந்தக் கரைக்கு வந்த கப்பல்களுக்கு அடையாளம் காட்டியது பின்னால் நிற்கும் ஜெராய்தான். 2013இல் இந்தப் பள்ளத்தாக்கில், 11ஆம் எண் இட்ட சண்டி ஒன்று நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டுப் போனது வெளியே தெரிந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு என் பழைய ஏடுகளை எல்லாம் கிளறினேன். அதன் ஒரு கோடுகூட என்னிடம் இல்லை. "அடுத்த வருஷம் போய்க்கொள்ளலாம்" என்று நான் தள்ளிப்போட்டிருந்தேன். அன்றிலிருந்து பக்கத்தில் இருப்பதை முதலில் வரைகிறேன்.

ஜெராய் 1,217 மீட்டர். பீடோங்கில் எங்கே நின்றாலும் வடமேற்கில் அது இருக்கிறது. கொமியூட்டர் ரயிலில் சுங்கை பட்டாணிக்கும் குருணுக்கும் நடுவே மேற்குப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தால், மலை தன் முகத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டே வரும். ஏடு மடியில் இருந்தால் ஒரே பயணத்தில் ஐந்தாறு கோட்டுருவம் கிடைத்துவிடும். மேலே ஏற குருண் பக்கத்திலிருந்து தார்ச்சாலை உண்டு. காட்டுப்பாதை வழியாக ஏறுவதானால் வனத்துறையிடம் அனுமதியும், பாதை தெரிந்த வழிகாட்டியும் வேண்டும். இதில் தயவுசெய்து குறுக்குவழி தேடாதீர்கள்.

மேலே போகப் போக நூறு மீட்டருக்கு அரை டிகிரிக்கு மேல் குளிர் கூடும். உச்சிப் பக்கம் அடிவாரத்தைவிட ஆறேழு டிகிரி குறைவு. மரங்கள் குட்டையாகி, கிளை முறுக்கி, பாசி போர்த்தி நிற்கும். மலாய்க்காரர்கள் பெரியோக் கெரா, குரங்குப் பானை, என்று சொல்லும் குடுவைச் செடிகள் பாதையோரத்தில் தொங்கும். பறிக்காதீர்கள், உட்கார்ந்து வரையுங்கள். வானம் தெளிந்த காலையில் மேற்கே யான் வயல்கள் கட்டம் கட்டமாகவும், அதற்கப்பால் கடலும், தெற்கே பினாங்கும் தெரியும். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன, வேலி போட்ட பகுதிக்குள் போக வேண்டாம்.

மேலே நீர்வண்ணம் காயாது, இது முக்கியம். மேகம் தாளின் மேலேயே உட்காரும். நான் பெரிய தாளைக் கொண்டுபோவதை எப்போதோ விட்டுவிட்டேன். கையளவு ஏடு, ஒரு பென்சில், ஒரு பேனா. நிறங்களைச் சொல்லால் எழுதிக்கொள்வேன்: "தூர மலை: ஊதிப்போன நீலம், கொஞ்சம் பால் கலந்த தேத்தண்ணி." வீட்டுக்கு வந்து அன்று இரவே வண்ணம் போட்டுவிட வேண்டும். மறுநாள் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் பாதி போய்விடும்.

அருவிகளைப் பற்றி உறுதியாக ஒன்று சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டு 18ஆம் தேதி ஜெராயில் பெய்த மழையில் யான், மெர்போக் பக்கம் ஆறுகளில் திடீர் வெள்ளம் பாய்ந்து உயிர்கள் போயின. மலாயில் கெப்பாலா ஆயிர் என்பார்கள். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை மரத்தையும் கல்லையும் உருட்டிக்கொண்டு வரும். தண்ணீர் கலங்கினால், சருகு மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், படத்தைப் பார்க்காதீர்கள். எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கரையேறுங்கள். ஆற்றின் நடுப்பாறையில் உட்கார்ந்து வரைவதே வேண்டாம். கரையிலிருந்து பார்த்தாலும் அதே தண்ணீர்தான்.

மூட்டை மூன்று கிலோவைத் தாண்டக் கூடாது, அதில் ஒன்றரை குடிதண்ணீர். அட்டைக்கடிக்கு நீளக் காலுறை, உள்ளே சோப்பைத் தேய்த்துப் போடுங்கள். தூரிகை கழுவிய தண்ணீரை ஓடையில் ஊற்றாதீர்கள். சில வண்ணங்களில் காட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் உண்டு. மூடியுள்ள போத்தலில் ஊற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

கைவேலை: பால், மண், கரி

இந்த ஊரில் பிறந்த ஓவியருக்கு என்று ஒரு கைவேலை உண்டென்றால் அது கித்தாப்பால். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். பினாங்கில் நீர்வண்ணத்தை வளர்த்த யோங் முன் சென் (1896–1962), அப்துல்லா அரிப் (1904–1962) ஆகியோரின் படங்களின் முன் நின்றால், வெளிச்சத்துக்காகத் தாளை எவ்வளவு தாராளமாக விட்டுவைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். மெல்லிய வெள்ளைகளைக் காப்பாற்ற, வண்ணம் படாமல் தடுக்கும் திரவம் ஒன்று கடையில் சின்னச் சின்னப் போத்தலில் விற்கிறது. விலை அதிகம். அதன் அடிப்பொருள் பல வகைகளில் அமோனியா கலந்த ரப்பர்பால். நம் வீட்டுக்குப் பின்னால் ஒழுகுவது!

சிறுதோட்டக்காரர்கள் இப்போது பெரும்பாலும் மங்கிலேயே பாலை உறைய விட்டுக் கட்டிப்பாலாகத்தான் விற்கிறார்கள். ஆகவே முன்கூட்டியே சொல்லிவைத்து, காலை பத்து மணிக்குள் போய், ஆசிட் சேர்க்காத பால் அரைக் கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள். சும்மா கேட்காதீர்கள், காசு கொடுங்கள். பழைய வேட்டித்துணியில் வடிகட்டுங்கள். நூறு மில்லிக்கு ஒரு சிறு தேக்கரண்டி வீட்டு உபயோக அமோனியா. ஜன்னலைத் திறந்துவைத்து, முகத்தைத் தள்ளி வைத்து ஊற்ற வேண்டும். துணி வெளுக்கும் திரவத்தோடு அது சேரவே கூடாது, நச்சுப்புகை வரும். இறுக மூடும் கண்ணாடிப் போத்தலில் வைத்தால் சில வாரம் உறையாமல் இருக்கும்.

பூசுவதற்கு நல்ல தூரிகையைத் தொடாதீர்கள், முடி ஒட்டிப் பாழாகிவிடும். சீவிய மூங்கில் குச்சி போதும். பழைய தூரிகைதான் வேண்டுமென்றால் முதலில் சோப்பில் தோய்த்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த தாளில் மட்டும் பூசி, அது தேன் நிறத்தில் காய்ந்த பிறகு வண்ணம் போட்டு, வண்ணமும் முழுசாகக் காய்ந்தபின் விரலால் உருட்டி எடுங்கள். நம் வெக்கையில் இரண்டு நாள் விட்டால் தாளோடு பிடித்துக்கொள்ளும், உரிக்கும்போது தாளும் வரும். அன்றே போட்டு அன்றே எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு. எந்தப் புதுத் தாளானாலும் ஓரத் துண்டில் ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

இந்தப் பாலைக் கேட்கப் போன இடத்தில்தான் எனக்கு ஒரு குருவும் கிடைத்தார். அறுபது வயது தாண்டிய வெட்டுக்கார அக்கா. என் படத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நெறம் சரியில்ல தம்பி. இப்ப வெட்டுன எடம் ஈரமா, ரோஸா இருக்கும். பத்து மணிக்கு மேல பாரு, காப்பி ஆயிரும்." பதினைந்து வருஷமாகப் பால்மரம் வரைந்தும் வெட்டுப்பட்டைக்கு ஒரே பழுப்பைத்தான் நான் பூசிக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு மரத்திலும் வெட்டின் ஈரத்தைப் பார்த்து மணி சொல்ல முடியும்.

அடுத்தது மண். பீடோங் சுற்றிலும் செம்மண். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும் இடத்தில், வேர் இறங்காத ஆழத்து மண்ணாகக் கேட்டு ஒரு வாளி வாங்குங்கள். செமிலிங் பக்கம் சுங்கை பத்து அகழாய்விடத்திலோ சண்டிகள் இருக்கும் இடத்திலோ ஒரு பிடிகூட எடுக்கக் கூடாது. அது குற்றம், 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டம் அங்கே நிற்கிறது. வாளி மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மிதக்கும் குப்பையை வழித்து, அரை நிமிடம் மணல் இறங்க விட்டு, கலங்கல் நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றுங்கள். இப்படி இரண்டு முறை. ஓர் இரவு விட்டால் வண்டல் அடியில் படியும். தெளிந்த நீரை இறுத்துவிட்டு, வண்டலைத் தட்டில் பரப்பி வெயிலில் காயவைத்து, அம்மியில் பொடித்து, துணியில் சலியுங்கள்.

கருவேலப் பிசினை இரண்டு பங்கு வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். கண்ணாடிப் பலகையில் மண்பொடியோடு இந்தப் பிசின்நீரைச் சேர்த்து, அடி தட்டையான கண்ணாடிக் குவளையால் எட்டு எட்டாக அரைத்துக்கொண்டே இருங்கள். கரகரப்புச் சத்தம் அடங்கி வழுக்கும் வரை, அரை மணியாவது ஆகும். கிளிசரின் ஒன்றிரண்டு சொட்டு, கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு. மேல்நாட்டுக் குறிப்புகளில் தேன் சேர்க்கச் சொல்வார்கள். நம் ஈரக்காற்றில் தேன் அதிகமானால் வண்ணம் எப்போதும் பிசுபிசுத்துக் கிடக்கும், பூஞ்சையும் பிடிக்கும். மீன் சந்தையிலிருந்து வந்த சிப்பி ஓடுகளைக் கழுவிக் காயவைத்து அதில் ஊற்றிவையுங்கள். வண்ணக்கிண்ணமாகச் சிப்பி எந்த நாட்டிலும் பழைய வழக்கம்தான்.

மஞ்சள் மண் கிடைத்தால் பாதியை, சமைக்காத பழைய இரும்புச் சட்டியில் போட்டு நல்ல நெருப்பில் கிளறிக்கொண்டே வறுங்கள். கண் முன்னாலேயே மஞ்சள் செங்காவியாகும். மண்ணிலுள்ள இரும்புச்சத்து நீரை இழந்து நிறம் மாறுகிறது. சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009 முதல் தோண்டியபோது, பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சமும், காற்று ஊதிய மண்குழல்களும் குவியலாக வந்தன. அன்று இரும்பு உருக்கியவர்களை இங்கே நிறுத்திய அதே இரும்புதான் இன்று உங்கள் சிப்பியில் சிவப்பாக இருக்கிறது. அந்தச் சிவப்பைக் கொண்டு சண்டியின் செங்கலை வரைகிறபோது எனக்கு இன்னமும் கை கொஞ்சம் நடுங்கும்.

கரிக்கோலுக்கு நம் பழைய ஓவியர்கள் புளியங்குச்சியைத்தான் சுட்டார்கள். கோவிலில் ஒரு புளியமரம் இருக்கும். விழுந்த குச்சிகளில் பென்சில் பருமனானவற்றைப் பட்டை உரித்து, மைலோ டின்னில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, தணலில் புதையுங்கள். துளையில் புகை நின்றதும் வெளியே எடுத்து, முழுசாக ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் சாம்பலாகிவிடும்.

பண்டிகைக்கு முந்திய நாள்கள்

பண்டிகை நாளன்று எல்லோரும் கைப்பேசியில் எடுக்கும் காட்சியை நீங்களும் வரைய வேண்டியதில்லை. அதற்கு முந்திய வாரத்தை வரையுங்கள். வேலை நடப்பது அப்போதுதான்.

தைப்பூசம் கித்தாக்காடு சிவக்கிற நாள்களிலேயே வருகிறது. சுங்கை பட்டாணியில் பெரிய கூட்டம். அதற்கு இரண்டு வாரம் முன்பே பீடோங் வட்டாரத்து வீடுகளின் முன்கூடங்களில் காவடி கட்டத் தொடங்கிவிடுவார்கள். வளைத்த பிரம்பு, அலுமினியச் சட்டம், மயிற்பீலிக் கட்டு, நுரைப்பலகையில் செதுக்கிய மயிலும் வேலும், தரையெல்லாம் ஜிகினா. அனுமதி கேட்டு, ஓரமாக உட்காருங்கள். சும்மா உட்கார்ந்திருப்பதைவிட, "அண்ணே, நான் எதாவது வெட்டித் தரட்டா?" என்று கேளுங்கள். நுரைப்பலகையில் இறகு செதுக்கிக் கொடுத்த பின்தான் ஒரு காவடியின் எடை எங்கே தாங்குகிறது என்று எனக்குப் புரிந்தது. அதற்கு முன் வரைந்த காவடிகள் எல்லாம் தோளுக்கு மேல் மிதந்துகொண்டிருந்தன. விரதம் இருக்கிற வீடு என்பதை மறக்காதீர்கள். அசைவம் சாப்பிட்ட கையோடு போகாதீர்கள். அருள் வந்த முகத்தை, அவரோ குடும்பத்தாரோ சம்மதிக்காமல் வரைந்து மாட்டாதீர்கள்.

பொங்கலில் எனக்குப் பிடித்தது பானைக்கு மஞ்சள் கட்டுகிற கை. இதைத் தவிர அன்று எதையும் வரைவதில்லை, பொங்கல் சாப்பிடுகிறேன்.

சித்திரைக்கும் ஆடிக்கும் நடுவே தோட்டத்து மாரியம்மன் கோவில்களில் திருவிழா. லயங்கள் இடிந்து, ஆட்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகும், அந்த ஒரு நாளைக்குப் பிள்ளைகுட்டிகளோடு திரும்பி வருவார்கள். கரகத்துக்கு வேப்பிலையும் பூவும் அடுக்குவதைக் கவனியுங்கள். அடிச்சுற்றில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. பூச்சரத்தை வரையத் தெரியாமல் தவிக்கிறவர்களுக்கு அதுதான் பாடம். தீமிதிக் குழியின் வெக்கையில் தாள் சுருளும், பலகையில் நான்கு பக்கமும் ஒட்டிக்கொண்டு போங்கள்.

நோன்பு மாதத்தில் மாலை ஐந்து மணிக்குக் கூடும் பலகாரச் சந்தையும், சீனர்களின் பேய்மாதத்தில் சாலையோரம் எரியும் காகிதத் தீயும் மாலை வெளிச்சத்தில் வரையத் தக்கவை. இரண்டிலும் ஓரமாக நின்று, மற்றவர் வழிபாட்டுக்கு இடம் விட்டு வரையுங்கள்.

தீபாவளிக்கு முன் வீட்டுக்குச் சாயம் அடிப்பது நம் வழக்கம். அந்த வாரம் முழுவதும் பீடோங்கில் எங்கே பார்த்தாலும் பாதி புதிது, பாதி பழையதாகச் சுவர்கள் நிற்கும். பழைய பச்சைக்கு மேல் புது ஆரஞ்சு ஏறுகிற அந்த எல்லைக்கோட்டைவிட நல்ல நிறப்பாடம் எந்தப் பள்ளியிலும் கிடையாது. மிஞ்சிய சாயத்தைக் கேட்டு வாங்கி அட்டையில் ஒரு பட்டை பூசி, வீட்டின் பெயரும் ஆண்டும் எழுதிவைக்கிறேன். எந்த ஆண்டில் எந்த நிறம் ஊரைப் பிடித்தது என்று அந்த அட்டைகளே சொல்லும்.

மழைக்கால வேலை

செப்டம்பர், அக்டோபர் மழையில் வெளியே போக முடியாத நாள்கள் படங்களுக்கானவை. ஒரு மழைக்காலத்தில், இரும்பு அலமாரியில் அடுக்கிவைத்த இருபது தாள்களை நான் பூஞ்சைக்குப் பறிகொடுத்தேன். வரைந்தவை போனதுகூடப் பரவாயில்லை, வரையாத நல்ல பருத்தித்தாள்களும் போயின. வெளியே எதுவும் தெரியாது. வண்ணம் வைத்தால் ஊறுதாள்போல் உறிஞ்சிப் புள்ளி புள்ளியாகும், தாளின் மேலுள்ள பசைப்பூச்சைப் பூஞ்சை தின்றிருக்கும். இப்போது பிஸ்கட் டின்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். பொட்டலத்தை மாதம் ஒரு முறை சூடேற்றிக் காயவைக்கிறேன். பெரிய படங்களைச் சுவரோடு ஒட்டாமல், காற்று புகும்படி மாட்டுகிறேன். வெளிச்சுவரில், குளியலறைப் பக்கம், எதையும் மாட்டுவதில்லை.

அந்த நாள்களில் ஒவ்வொரு படத்தையும் திருப்பிப்போட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்: தேதி, மணி, எந்தத் திசை பார்த்து உட்கார்ந்தீர்கள், எந்த மண்ணின் சிவப்பு, கித்தாவா செம்பனையா. தோட்டத்துக்கு வரைபடத்தில் ஒரு பெயர் இருக்கும், நம் ஆட்கள் வாயில் வேறு பெயர் இருக்கும். முதல் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது, அங்கே பிறந்தவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. மழை விட்ட ஒரு சாயங்காலம் படத்தை எடுத்துக்கொண்டு போய், தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கையில் கொடுத்து, "ஐயா, இந்த எடத்துக்கு நீங்க என்னா பேரு சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்ளும்வரை பென்சிலைக் கையில் வைத்திருங்கள்.